கணிப்பொறிக் காவல்

பொருளை ஈட்டுவோர் அதனைக் காக்கும் வகையையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது உலகியல். பண்டை நாளில் பொன்னும் நெல்லும் பொருளாயின. அவற்றைக் காக்கப் பெட்டகமும் பத்தாயமும் போதியனவாயின. இந்நாளிலோ ஒருவனுடைய ஊதியக் கணக்கு, நோய்க் குறிப்பு, தேர்வு மதிப்பெண், நண்பர்க்கு வரைந்த மடல் ஆகிய யாவும் கணிப்பொறியினுள் எண்களாய் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைக் கவர விழைவோன் சுவர் ஏற வேண்டுவதில்லை; கடலுக்கு அப்பாலிருந்தே கைவரிசை காட்டுவான். ஆதலின், இப்பொறியின் காவல் எத்தன்மைத்து, அக்காவல் யாரிடத்து ஒப்புவிக்கப்பட்டுள்ளது, அது தவறியவிடத்துப் பொறுப்பு யாருடையது என ஆராய்தல் கற்றார் யாவர்க்கும் கடனாகும்.

‘தமிழ் பயிலும் மாணாக்கர்க்குக் கணிப்பொறி ஆராய்ச்சி எற்றுக்கு?’ எனச் சிலர் வினவுதல் கூடும். மென்பொருளும் ஒருவகை நூலே என்பது எம் விடை. அது மக்களால் எழுதப்படுவது, படிக்கப்படுவது, படியெடுக்கப்படுவது, பிழைபடுவது, திருத்தப்படுவது. நூலின்கண் பிழை நேர்ந்தால் பொருள் திரியும். மென்பொருளின்கண் நேர்ந்தால் மருத்துவமனையின் வாயில் அடைபடும். மேலும், பொறியின் உறுப்புக்களைப் பற்றிய வினாக்கள் வல்லுநர்க்கே உரியவாயினும், நம்பிக்கை, அதிகாரம், பொறுப்பு என்பனவற்றைப் பற்றிய வினாக்கள் அனைவர்க்கும் பொது. இக்கட்டுரையில் யாம் பின்னவற்றையே பெரிதும் எடுத்துக்கொண்டோம். முன்னவற்றை வேண்டும் அளவே தொட்டுச் செல்வோம்.

இயக்க முறைமை

கணிப்பொறியின் வன்பொருள் தானாக ஒன்றும் செய்யாது. நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுத்தும், பல நிரல்களை முறைவைத்து ஓட்டியும், இக்கோப்பினை இன்னார் படிக்கலாம், இன்னார் திருத்தலாம் என வரையறுத்தும் அதனை ஆளுகின்ற தலைமை மென்பொருளே இயக்க முறைமை எனப்படும். பலர் கூடி வாழும் பெருமனையில், அறைகளின் திறவுகோல்களை எல்லாம் தன் இடுப்பிற் செருகியிருக்கும் காரியக்காரன் போன்றது அது. அவன் விழிப்புடையனாயின் மனையிலுள்ளார் அச்சமின்றி உறங்கலாம். அவனை ஏமாற்றினார்க்கோ எல்லா அறைகளும் திறந்தனவேயாம். இம்முறைமையின் நடுவே கெர்னல் எனப்படும் கருப்பகுதி ஒன்று உண்டு. அதனுள் ஓடும் நிரலுக்குத் தடை ஏதும் இல்லை. அங்கு நேரும் பிழைக்கு மருந்தும் எளிதன்று.

அமெரிக்க நாட்டு மாஸச்சூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1961-ஆம் ஆண்டில், பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறைமை ஒன்றை இயக்கிக் காட்டினர். பலர் கூடியவிடத்து எனது, உனது என்னும் வேறுபாடு தோன்றுமாதலின், ஆள்தோறும் ஒரு கடவுச்சொல் வேண்டியதாயிற்று. அம்முறைமையிலேயே ஒருநாள் வியப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பொறியினுள் நுழைவார்க்கு அன்றைய அறிவிப்புத் தோன்றுதல் வழக்கம். அன்றோ, அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாகத் தோன்றின! பகைவர் எவரும் புகுந்திலர். இரு பணியாளர் ஒரே நேரத்தில் இரு கோப்புக்களைத் திருத்தப் புக, திருத்தும் நிரல் இரண்டற்கும் ஒரே தற்காலிகப் பெயரை இட்டமையே காரணம். காவல் குலைதற்குக் கள்வன் வேண்டுவதில்லை, கவனக்குறை ஒன்றே அமையும் என்பதனை இந்நிகழ்ச்சி தெளிவிக்கின்றது.

இதன் வழித்தோன்றலாக அமைந்தது மல்டிக்ஸ் என்னும் பெருமுறைமை. காவலைத் தொடக்கத்திலேயே கருத்துட்கொண்டு, மதிலுக்குள் மதிலாக அதிகார வளையங்களை வகுத்து அதனைக் கட்டலாயினர். அது பெரிதாய் வளர்ந்து காலம் நீட்டித்தமையால், உடனுழைத்த பெல் ஆய்வகத்தார் 1969-ல் விலகிக்கொண்டனர். அவ்வாண்டிலேயே அவ்வாய்வகத்துக் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்னும் இருவரும் சிறியதாய், எளியதாய் வகுத்தது யூனிக்ஸ். அதனை ஒட்டி எழுந்ததே 1991-ல் பின்லாந்து நாட்டு மாணாக்கராகிய லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ். நம் கையிலுள்ள ஆண்ட்ராய்டுத் தொலைபேசியின் கரு அந்த லினக்ஸே. யூனிக்ஸில் ரூட் எனப்படும் ஒரு பயனர்க்கு எல்லா அதிகாரமும் ஒருங்கே உண்டு. ஒருவரையொருவர் அறிந்த சில அறிஞர் பழகும் ஆய்வகத்திற்கு அவ்வமைப்புப் பொருந்துவதே. ஊராரெல்லாம் வந்துபோகும் சந்தைக்கு அது பொருந்துமோ என்பதே பின்னெழுந்த வினா.

காவலின் இலக்கணம்

இலக்கியம் கண்டபின் இலக்கணம் இயம்புதல் அறிஞர் வழக்கம். மல்டிக்ஸ் முதலியவற்றை இயக்கிப் பெற்ற பட்டறிவைக் கொண்டு, ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் இருவரும் 1975-ல் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் காவலுக்கு எட்டு விதிகளை வகுத்தனர். ஐம்பதாண்டு கடந்தும் அவை பழமைப்படவில்லை. அவற்றுள் ஐந்தனை ஈண்டுக் குறிப்போம்.

முதலாவது, காவற்பொறி சிறியதாகவும் எளியதாகவும் இருத்தல் வேண்டும். ஆராய்ந்து பார்க்க இயலாத அளவு பெரியதனை நம்புதல் அரிது. இரண்டாவது, வாயில் இயல்பாக மூடியே இருத்தல் வேண்டும். தகுதி காட்டினார்க்கே திறத்தல் வேண்டும். மூன்றாவது, ஒருவர்க்கு அவர்தம் தொழிலுக்கு வேண்டிய அதிகாரமே அளித்தல் வேண்டும். மிகை அதிகாரம் அவர் நல்லவராயினும் தீங்கு பயக்கும், ஏனெனில் அவரை ஏமாற்றுவோன் அவ்வதிகாரம் முழுமையும் பெறுகின்றான். நான்காவது, பூட்டின் அமைப்பு மறைபொருளாய் இருத்தலை நம்பியிராது, திறவுகோல் ஒன்றே மறைபொருளாய் இருத்தல் வேண்டும். இவ்விதியை மறைமொழிக் கலை குறித்து ஆகஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்பார் 1883-லேயே பிரெஞ்சு மொழியில் எழுதி வைத்தார். ஐந்தாவது, காவல்முறை மக்கள் எளிதிற் கைக்கொள்ளத் தக்கதாய் இருத்தல் வேண்டும். தொல்லை மிகுந்த பூட்டினை மக்கள் பூட்டாதே விட்டுவிடுவர்.

இவ்விதிகள் அறியப்படாமையால் அன்று, அறிந்தும் கைவிடப்பட்டமையாலேயே பின்னை இடர்கள் பலவும் நேர்ந்தன என்பதனை இனிக் காண்போம்.

1988-ஆம் ஆண்டின் புழு

1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணாக்கராகிய ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பார் தம்மைத் தாமே படியெடுத்துக்கொண்டு பொறிவிட்டுப் பொறி தாவும் நிரல் ஒன்றை இணையத்தில் விடுத்தனர். அக்காலத்து இணையத்தில் இருந்தன ஏறத்தாழ 60,000 பொறிகளே. அவற்றுட் பத்திலொரு பங்கு, அஃதாவது 6,000 அளவின, தாக்குண்டன என மதிப்பிட்டனர். அந்நிரல் கோப்புக்களை அழிக்கவில்லை. பன்முறை பெருகிப் பொறிகளைத் திணறச் செய்தது.

அது புகுந்த வழிகளுள் ஒன்றை ஈண்டு விளக்குதும். பொறியில் இருக்கும் பயனரைப் பற்றிய செய்தி கூறும் சிறு நிரல் ஒன்று இருந்தது. வினவுவோன் அனுப்பும் சொல்லை வாங்கிக்கொள்ள அஃது 512 பைட்டு கொள்ளும் இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் வருவது அவ்வளவிற்கு உட்பட்டதோ என அளந்து பார்க்கவில்லை. புழுவோ 536 பைட்டுகளை அனுப்பியது. மரக்காலில் அளவுக்கு மேற் கொட்டிய நெல் பக்கத்துக் குவியலோடு கலத்தல்போல, மிகுந்தவை அடுத்துள்ள நினைவிடத்தில் வழிந்து, அங்கிருந்த கட்டளையை மாற்றிவிட்டன. பொறி அன்னியன் கட்டளையைத் தன் தலைவன் கட்டளையாகவே மேற்கொண்டது. இதற்கு ஏதுவாயினது, யூனிக்ஸை எழுதப் பயன்பட்ட சி என்னும் நிரல்மொழி எல்லையைத் தானே அளந்து பார்ப்பதில்லை என்பதாம்.

மாரிஸ் 1990-ல் தண்டனை பெற்றனர்: மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரப் பொதுத்தொண்டு, 10,050 டாலர் தண்டம். இடர்களை ஒருங்கிருந்து ஆராயும் மையம் ஒன்று கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. புழுவை விடுத்தார்க்குத் தண்டம் கிடைத்தது. வாயிலைத் திறந்து வைத்த நிரலை எழுதி வழங்கினாரை ஒருவரும் வினவிலர். அளவு கடந்து வழியும் அப்பிழை அதனோடு ஒழிந்ததோ எனின், இல்லை. முப்பதாண்டு கழிந்து, 2019-ல் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார், ஆண்டுதோறும் தாம் திருத்தும் காவற்பிழைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 நினைவகத்தைத் தவறாகக் கையாளுதலால் எழுவனவே எனத் தெரிவித்தனர். 1988-ல் அறிந்த நோய் 2019-லும் தீராதிருந்தமைக்கு அறிவின்மை காரணமாகாது. காரணம் வேறோரிடத்து உளது.

வாணிகமும் காவலும்

அக்காரணம் யாதெனின், காவல் கண்ணுக்குத் தெரியாத சரக்கு என்பதே. புதிய வசதி ஒன்றை வாங்குவோன் கடையிலேயே கண்டு மகிழ்வான். நல்ல காவலையோ, ஒன்றும் நேராதிருத்தலால் அன்றி வேறெவ்வாற்றானும் அறியான். முந்திக்கொண்டவனுக்கே சந்தை என்னும் நிலையில், விரைந்து விற்றுப் பின்னர்த் திருத்துதல் வாணிகர்க்கு ஆதாயமாயிற்று. 1990-களில் வீடுதோறும் புகுந்த விண்டோஸ் 95 போன்றவை, ஒரு பொறி ஒருவர்க்கே என்னும் எண்ணத்தால், பயனர்க்குப் பயனர் உண்மையான வேலி இடவில்லை. அப்பொறிகள் இணையத்தில் இணைக்கப்பட்டபோது, கதவில்லா வீடு நெடுஞ்சாலையோரத்தில் நின்றதாயிற்று.

2001-ல் புழுக்கள் பல பரவிய பின்னர், 2002 ஜனவரியில் பில் கேட்ஸ் தம் நிறுவனத்தார் அனைவர்க்கும் மடல் விடுத்து, இனிப் புதிய வசதியா, காவலா என்னும் வினா எழுந்தால் காவலையே தேர்தல் வேண்டும் என்னும் கருத்தினை வலியுறுத்தினர். விண்டோஸ் எழுதுவோர் புதுப்பணியை நிறுத்திப் பழைய நிரல்களை ஆராயப் புகுந்தனர். 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்.பி. திருத்தத் தொகுதியில் தீயரண் என்னும் வாயிற்காவல் இயல்பாகவே மூடியிருக்குமாறு அமைந்தது. 1975-ல் வகுத்த இரண்டாம் விதி, வீட்டுப் பொறிகட்கு வந்து சேர இருபத்தொன்பது ஆண்டு சென்றது என்க. எனினும் தவற்றை ஒப்பி வழி திருப்பிய அச்செயல் பாராட்டற்பாலதே.

‘திருத்தம் வெளிவந்தவுடன் பயனர் அதனை இட்டுக்கொள்ளாமையன்றோ குற்றம்?’ என்பார் உளர். 2003 ஜனவரி 25-ல் பரவிய ஸ்லாமர் என்னும் புழுவை நோக்குக. அதன் நீளம் 376 பைட்டே. பத்து நிமிடத்தில், தாக்குதற்கு இடமாயிருந்த பொறிகளுட் பெரும்பாலனவற்றை அது பற்றியது. அதற்குரிய திருத்தம் ஆறு திங்கட்கு முன்னரே, 2002 ஜூலையில், வெளியாகியிருந்தது. ஆயினும் திருத்தத்தை வெளியிட்ட மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சொந்தப் பொறிகளிற் சிலவும் அப்புழுவுக்குத் தப்பவில்லை. செய்தோராலேயே தவறாது இடமுடியாத திருத்தத்தை, செட்டியாரும் ஆசிரியரும் எழுத்தரும் தவறாது இட்டிருத்தல் வேண்டும் எனப் பழிப்பது முறையாகுமா?

மூடுதலும் திறத்தலும்

மூலநிரலை மறைத்து விற்பதா, எவரும் படிக்குமாறு திறந்து வைப்பதா என்பது நெடுங்கால வழக்கு. பலர் கண்ணுக்குப் புலனாயின் பிழை நில்லாது என்பது திறப்பார் கொள்கை. பகைவன் கண்ணுக்கும் புலனாகுமே என்பது மூடுவார் கொள்கை. கெர்க்காஃப்ஸ் வகுத்த விதி திறப்பார் பக்கம் நிற்பது. ஆயினும், படிக்கலாம் என்பதும் படித்தார் என்பதும் வேறு. நூலகத்தில் உள்ள ஏடெல்லாம் படிக்கப்பட்ட ஏடாகா என்பதனை மாணாக்கராகிய நாம் நன்கு அறிவோம்.

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பிழை இதற்குச் சான்று. உலகின் இணையத்தளங்கள் பல தம் மறைமொழிக்கு நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் திறந்த நிரலில், எல்லை அளந்து பார்க்காத பிழை ஒன்று ஈராண்டு மறைந்து கிடந்தது. அந்நிரலைப் பேணியோர் மிகச் சிலர். அவர்க்கு வந்த நன்கொடையோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 டாலர். பெருஞ்செல்வ நிறுவனங்கள் பல அந்நிரலை இலவசமாய் எடுத்தாண்டன. பேணுவோர் உண்டனரோ எனக் கேட்டிலர்.

2024-ல் நேர்ந்தது இன்னும் நுட்பமானது. எக்ஸ்.இசட். என்னும் சுருக்குநிரலைத் தனியொருவர் ஊதியமின்றிப் பேணி வந்தனர். ஜியா டான் என்னும் பெயரில் ஒருவர் ஈராண்டுக்கு மேல் உதவிபுரிவார்போற் பழகி, நம்பிக்கை பெற்று, அதிகாரமும் பெற்று, இறுதியிற் கள்ளவாயில் ஒன்றை அதனுள் வைத்தனர். மார்ச் 29-ஆம் நாள் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியியலார், தம் சோதனைப் பொறியில் நுழைவதற்கு வழக்கத்தினும் அரை விநாடி மிகுவதைக் கண்டு, விடாது துருவி அக்கள்ளத்தை வெளிப்படுத்தினர். அரை விநாடியைப் பொருட்படுத்திய ஒருவரால் உலகம் பெருங்கேட்டினின்று தப்பிற்று. திறந்திருந்தமையால் அவர் துருவ முடிந்தது. எனினும், அவர் ஒருவர் வாய்த்தமை பெரும்பேறேயன்றி ஏற்பாடன்று.

மூலநிரலைப் படித்தாலும் ஐயம் தீராது எனக் காட்டியவர் கென் தாம்சன். டூரிங் பரிசு ஏற்று அவர் ஆற்றி, 1984-ல் அச்சேறிய உரையில் ஒரு விந்தை கூறினர். மக்கள் எழுதும் மூலநிரலைப் பொறிமொழிக்கு மாற்றுவது தொகுப்பி என்னும் நிரல். அத்தொகுப்பியே கள்ளமுடையதாயின், தூய மூலத்தையும் கள்ளத்தோடு மாற்றிக் கொடுக்கும்; தன்னைத் தானே மாற்றும்போதும் அக்கள்ளத்தை அடுத்த படிக்கு ஒட்டிவிடும். மூலத்தில் அதன் சுவடு இராது. இஃது ஏடு படியெடுப்போன் இடைச்செருகலைப் படிதோறும் எழுதிவைத்தலை ஒக்கும். இதற்கு மருந்து யாது? டேவிட் வீலர் என்பார் 2005-ல் வெளியிட்டு, 2009-ல் விரித்த முறை, வேறொருவர் செய்த இரண்டாம் தொகுப்பியைக் கொண்டு மாற்றிப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுதல். தமிழ் மாணாக்கர்க்கு இது புதிதன்று. உ. வே. சாமிநாதையரவர்கள் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடபேதம் தெளிந்து 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இம்முறையானன்றோ? ஒரே ஏட்டினை நம்பினார்க்குப் பிழை பிழையாகவே தோன்றாது. வழிவேறாய் வந்த மற்றோர் ஏடு வேண்டும்.

ஒருமையின் கேடு

வழிவேறாய் நிற்பது ஒன்று வேண்டும் என்பது நிரலுக்கன்றி, நாட்டுக்கும் பொருந்தும். ஒரே விதை விதைத்த வயலில் ஒரு நோய் புகின் எஞ்சுவது ஒன்றுமில்லை. 2003 செப்டம்பரில் டான் கீயர் என்பாரும் உடனாய அறிஞரும், உலகப் பொறிகளெல்லாம் ஒரே நிறுவனத்தின் இயக்க முறைமையைச் சார்ந்திருத்தல் பேரிடர் என அறிக்கை வெளியிட்டனர். வெளியிட்ட சின்னாளில் கீயர் தம் பணியை இழந்தனர்; அவர் பணிபுரிந்த நிறுவனத்திற்கு மைக்ரோசாப்ட் ஒரு வாடிக்கையாளர். கருத்துக் கூறுதற்கும் விலை உண்டு போலும்.

2017 மே 12-ஆம் நாள் வான்னாக்ரை என்னும் தீநிரல் விண்டோஸ் பொறிகளிற் பரவிக் கோப்புக்களைப் பூட்டிப் பணயம் கேட்டது. அது பயன்படுத்திய ஓட்டையை முதலிற் கண்டது அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு முகமை. கண்டதை உடனே செய்தோர்க்கு உரையாது தன் படைக்கலமாக வைத்துக்கொண்டது. அப்படைக்கலம் களவுபோய் ஏப்ரலில் வெளியாயிற்று. திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும், இடப்படாத பொறிகள் எண்ணிறந்தன. இங்கிலாந்தின் தேசிய நலச் சேவையில் மருத்துவ அமைப்புக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தடுமாறின; ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புக்கள் கைவிடப்பட்டன எனத் தணிக்கையாளர் மதிப்பிட்டனர்; ஐந்து பகுதிகளில் அவசர நோயாளிகள் தொலைவிலுள்ள மருத்துவமனைகளைத் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. படைக்கலம் செய்தவன் ஒருவன், களவாடியவன் ஒருவன், எய்தவன் ஒருவன். புண்பட்டவனோ இவருள் ஒருவரையும் அறியாத நோயாளி.

2024 ஜூலை 19-ல் நேர்ந்ததற்குப் பகைவனே இல்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் என்னும் காவல் நிறுவனம் அனுப்பிய பிழையுற்ற கோப்பு ஒன்றால் 85 இலட்சம் விண்டோஸ் பொறிகள் வீழ்ந்தன. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் தாளில் எழுதத் தொடங்கின. அக்காவல்நிரல் கருப்பகுதியினுள் ஓடியமையால், அது இடறியபோது பொறியே இடறிற்று. மீண்டும் எழமாட்டாத பொறிகளை ஒவ்வொன்றாகக் கைகொண்டு எழுப்ப வேண்டியதாயிற்று. கருப்பகுதியை மிகச் சிறிதாக்கி எஞ்சியவற்றை வெளியே நிறுத்தல் வேண்டும் என ஆம்ஸ்டர்டம் நகரத்துப் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1992-ல் வாதிட, விரைவும் எளிமையுமே வேண்டுவன எனத் டோர்வால்ட்ஸ் எதிர்வாதம் புரிந்தனர். வழக்காற்றில் வென்றது டோர்வால்ட்ஸ் பக்கமே. எனினும் பேராசிரியர் கூறியதன் வலிமையை, 2024-ல் விமான நிலையங்களில் தரையிற் படுத்திருந்த பயணிகள் உணர்ந்திருப்பர்.

பொறுப்பு யாருடையது?

இனி எம் கருத்தினைக் கூறுவோம். மென்பொருளோடு வரும் உரிம ஒப்பந்தத்தைப் படிப்பார் அரியர். படிப்பின், இஃது உள்ளவாறே வழங்கப்படுகின்றது, இதனால் வரும் இழப்புக்கு யாம் பொறுப்பல்லேம் என்னும் பொருள்பட எழுதியிருத்தலைக் காணலாம். விலைக்கு விற்பாரும் இலவசமாய் ஈவாரும் இதில் ஒருதன்மையர். அரிசியிற் கல் இருந்தால் வாணிகனைக் கேட்கலாம். பாலம் இடிந்தால் பொறியாளரைக் கேட்கலாம். மென்பொருள் இடிந்தாலோ, நீர் ஏன் அந்த மடலைத் திறந்தீர் என நம்மையே கேட்கின்றனர்.

ஈண்டு ஒரு தடை நிகழும்: பிழையற்ற மென்பொருள் எழுதுதல் இயலாததாயின், இயலாததற்குப் பொறுப்பு விதித்தல் அறமாகுமோ என. விடை: முற்றும் பிழையின்மையை யாம் வேண்டவில்லை, அறிந்த பிழையை மீண்டும் செய்யாமையையே வேண்டுகின்றோம். எல்லையைத் தானே அளந்து பார்க்கும் ரஸ்ட் போன்ற நிரல்மொழிகள் வந்துள்ளன. 2022 டிசம்பரில் லினக்ஸ் கருப்பகுதியே அம்மொழிக்கு இடம் தந்தது. அதனினும் உயர்வாக, ஆஸ்திரேலிய அறிஞர் செல்4 என்னும் சிறு கருப்பகுதியை எழுதி, அது தன் வரையறையினின்று பிறழாது என 2009-ல் கணித முறையில் நிறுவினர். ஏறத்தாழ 8,700 வரி நிரலுக்கு இரண்டு இலட்சம் வரி நிறுவல் வேண்டியிருந்தது. பெருநிரல்களுக்கு அது கைகூடாதாயினும், சிறியதே காக்கற்பாலது என்னும் முதல் விதியை அது மெய்ப்பித்தது.

மற்றொரு தடை, பொறுப்பு விதித்தால் புதுமை பட்டுப்போம் என்பது. நீராவிக் கொதிகலங்கள் வெடித்து மக்கள் மாண்ட காலத்தும் இவ்வாறே கூறினார் இருந்திருப்பர். ஆயினும் நாடுதோறும் ஆய்வுச் சட்டங்கள் எழுந்தன. இந்தியாவில் 1923-ல் கொதிகலச் சட்டம் இயற்றப்பட்டது. நீராவித் தொழில் அதனால் பட்டுப்போகவில்லை. மக்கள் மாள்வதே குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் இயற்றிய சட்டம் இந்நெறியிற் செல்வது. எண்ணியற் பொருளை விற்போர் காவலோடு வடித்து, விற்றபின்னும் திருத்தம் அளித்தல் கடன் என அது விதித்து, பெரும்பாலான விதிகட்கு 2027 டிசம்பரைத் தொடக்கமாகக் குறித்தது. வாணிக நோக்கின்றி நிரல் எழுதி ஈவாரை அச்சுமையினின்று விலக்கியமை போற்றத்தக்கது. தண்ணீர்ப் பந்தல் வைத்தானிடம் தண்டம் வாங்கலாகாது. அத்தண்ணீரைக் குடத்திலிட்டு விற்பானிடமே கேட்டல் வேண்டும். விற்பான் பந்தலுக்கும் ஒரு பங்கு ஈதல் வேண்டும் என்பது எம் துணிபு.

இவ்வாறு கூறுதலால் பயனர்க்குக் கடனே இல்லை என்றோம் அல்லேம். ஒரே கடவுச்சொல்லை எவ்விடத்தும் இடாமையும், திருத்தம் வந்தவழி இட்டுக்கொள்ளுதலும், வேண்டுவனவற்றிற்கு வேறோரிடத்துப் படி வைத்தலும் நம் கடன்கள். தன் வீட்டுக் கதவைச் சார்த்துதல் வீட்டுக்காரன் கடன். சார்த்தினால் மூடிக்கொள்ளும் கதவைச் செய்து தருதல் தச்சன் கடன். முன்னதைக் காட்டிப் பின்னதை மறைத்தல் தகாது.

இக்கல்லூரியிற் கணிப்பொறிக்கலை பயிலும் நண்பர் பலர் நாளை இத்தொழிலிற் புகுவர். தாம் எழுதும் ஒரு வரியின் எதிரே, தாம் ஒருநாளும் காணப்போகாத நோயாளி ஒருவர் அமர்ந்திருக்கின்றார் என்பதனை அவர்கள் மறவாதிருப்பாராக. ஏனையோராகிய நாம், வல்லுநர் பொருள் எனக் கருதி வாளா இராது, இக்காவல் யாருடைய பொறுப்பு என வினவக் கற்போமாக. வினவுவார் பெருகியவிடத்தே விடை கூறுவாரும் தோன்றுவர்.